முத்திரை குத்துவது யார்?

1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. சபா, சரவாக்கில் ஏற்கெனவே இருந்த நேரத்தோடு ஒன்றிப்போக எடுத்த முடிவு அது. சிங்கப்பூரும் உடன் சேர்ந்துகொண்டது. 1982 பிறந்தபோது எல்லாருக்கும் ஒரே நேரம். ஒரே இரவில் முடிந்த வேலை.

கணினி உலகத்தில் நேரம் சம்பந்தப்பட்ட இன்னொரு மாற்றம் 2023-இல் தொடங்கியது. அதை ஒரே இரவில் முடிக்க வழியில்லை. ஒவ்வொரு சாதனமாக, ஒவ்வொரு நிரலாக, ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை அது. அதில் ஒரு சிறு துண்டு என் கைக்கும் வந்தது.

நான் பினாங்கு பாயான் லெப்பாஸில், தொழிற்சாலைகளுக்கான நெட்வொர்க் அட்டைகள் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளர். "நீ என்னதான் வேலை பார்க்கிறே?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "அட்டைக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன்" என்பேன். அம்மா விடமாட்டார். "ஒரு நொடியில பத்து லட்சத்துல ஒரு பங்கு தப்பிப்போனா யாருக்கு என்ன நட்டம்?" என்பார்.

நியாயமான கேள்வி. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒளிகூட 450 மீட்டர்தான்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 5ஜி சேவைக்கு 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை பயன்படுகிறது. அதில் கோபுரம் அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில்தான், மாறி மாறி. ஒரு கோபுரம் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்துக் கோபுரம் பேசத் தொடங்கினால், உங்கள் கைப்பேசியின் மெல்லிய குரல் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகும். அதனால் ஒவ்வொரு கோபுரத்தின் கடிகாரமும் பொது நேரத்திலிருந்து 1.5 மைக்ரோ நொடிக்கு மேல் விலகக் கூடாது என்பது கணக்கு. ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியின் 10 லட்சத்தில் ஒரு பங்கு. அந்த 1.5 மைக்ரோ நொடியில் ஒளியே ஏறக்குறைய 450 மீட்டர்தான் போகும்.

கோபுரங்கள் மட்டுமல்ல. மின் துணைநிலையங்களில் அளவுகளை ஒப்பிடுவது, பங்குச் சந்தையில் எந்த ஆணை முதலில் வந்தது என்று பதிவு செய்வது, தொழிற்சாலையில் இரண்டு இயந்திரக் கைகளை ஒன்றாக அசைப்பது என்று எல்லாவற்றுக்கும் அடியில் இப்படி ஒரு கடிகாரக் கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல், அதிவேகப் பங்கு வணிகம் செய்வோரின் கடிகாரம் 100 மைக்ரோ நொடிக்கு மேல் விலகக் கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறார்கள்.

நம் வீட்டுக் கணினி இணையத்தில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் முறை 1985-இல் டேவிட் மில்ஸ் வகுத்தது. அதன் பெயர் என்டிபி. மில்லி நொடிக் கணக்கில் அது அருமையாக வேலை செய்யும். அதைவிட நுணுக்கம் வேண்டியவர்களுக்காக 2002-இல் ஐஇஇஇ 1588 என்ற தரநிலை வந்தது. பிடிபி என்று சுருக்கமாகச் சொல்வோம். இரண்டிலும் அடிப்படைச் சூத்திரம் ஒன்றுதான்.

நான்கு நேரங்கள், ஒரு கணக்கு

உங்களிடம் ஒரு கடிகாரம், தலைமை அஞ்சலகத்தில் ஒரு கடிகாரம். உங்கள் கடிகாரம் எவ்வளவு தவறு என்று கடிதம் வழியாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

தலைமை அஞ்சலகம் சரியாக 10:00:00 மணிக்கு ஒரு கடிதம் அனுப்புகிறது. உங்கள் கைக்கு வரும்போது உங்கள் கடிகாரம் 10:00:07 காட்டுகிறது. வித்தியாசம் 7 நொடி. நீங்கள் 10:00:10-க்குப் பதில் போடுகிறீர்கள். அவர்களிடம் அது சேரும்போது அவர்கள் கடிகாரம் 10:00:13. வித்தியாசம் 3 நொடி. போக வர ஒரே தூரம் என்றால் இரண்டு வித்தியாசமும் சமமாக இருக்க வேண்டும். 7-லிருந்து 3-ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 2. உங்கள் கடிகாரம் 2 நொடி வேகமாக ஓடுகிறது. கடிதம் வந்து சேர 5 நொடி. அவ்வளவுதான்.

இப்போது ஒரு சிக்கல். கடிதம் பெட்டியில் விழுந்தது 10:00:07-க்கு. ஆனால் முத்திரை குத்தும் எழுத்தர் கோப்பி குடித்துவிட்டு வந்து 10:00:11 என்று குத்துகிறார். அதே கணக்கைப் போடுங்கள். 11-லிருந்து 3 போனால் 8, அதில் பாதி 4. இப்போது உங்கள் கடிகாரம் 4 நொடி வேகம் என்று விடை வருகிறது. கடிகாரத்தில் எதுவும் மாறவில்லை. முத்திரை 4 நொடி தாமதமானதால் விடை 2 நொடி பிசகிவிட்டது.

கணினிக்குள்ளும் இதேதான். நெட்வொர்க் பாக்கெட் வந்ததும் மென்பொருள் முத்திரை குத்தினால், செயலி அந்த நேரத்தில் வேறு என்ன வேலையில் இருந்தது என்பதைப் பொறுத்துத் தாமதம் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு தாமதம் என்றாலாவது கழித்துவிடலாம். மாறிக்கொண்டே இருப்பதை என்ன செய்வது? அதனால் அட்டையில் இருக்கும் சில்லே தனக்கென ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டு, பாக்கெட் கம்பியைக் கடக்கும் அந்தக் கணத்திலேயே முத்திரை குத்துகிறது. இதைத்தான் ஹார்டுவேர் டைம்ஸ்டாம்ப் என்கிறோம். வாசலிலேயே முத்திரை, எழுத்தர் எப்போது வந்தாலும் கவலையில்லை.

கவரைப் பிரிக்காத பழைய வழி

தொழிற்சாலைப் பெட்டிகள், தொலைத்தொடர்புக் கருவிகள், தரவு நிலையச் சர்வர்கள் பலவும் லினக்ஸில் ஓடுகின்றன. லினக்ஸின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். கெர்னலுக்கும் ஒரு குறிப்பிட்ட அட்டைக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் நிரல்தான் டிரைவர். கார் ஓட்டுபவர் இல்லை. ஒவ்வொரு வகை அட்டைக்கும் ஒரு டிரைவர் உண்டு.

முத்திரை குத்தும் வசதி தானாக ஓடாது. பிடிபி நிரல் தொடங்கும்போது, "இந்த அட்டையில் முத்திரையைப் போடு, இந்த வகைப் பாக்கெட்டுகளுக்குப் போடு" என்று கெர்னலிடம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு 2009-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.30-இல் ஒரு வழி செய்தார்கள். ஐஓசிடிஎல் எனப்படும் பழைய பாணிக் கோரிக்கை அது. கெர்னலின் பொதுப் பகுதி அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கவரைப் பிரிக்காமல் அப்படியே டிரைவரிடம் கொடுத்துவிடும். பிரிப்பது, பயனர் நினைவகத்திலிருந்து நகலெடுப்பது, ஆராய்வது, அட்டையை அமைப்பது, பதிலைத் திரும்ப நகலெடுத்து வைப்பது எல்லாம் டிரைவரின் பாடு.

ஒரே வேலையை ஒவ்வொரு டிரைவரும் தன் பாணியில் திரும்பத் திரும்பச் செய்தது. ஒன்று கவனமாகச் செய்தது, இன்னொன்று ஏனோதானோ என்று செய்தது. "இப்போது என்ன அமைப்பில் இருக்கிறாய்?" என்று எதையும் மாற்றாமல் கேட்டுப் பார்க்கும் வழி 2014-இல்தான் வந்தது. அதைப் பல டிரைவர்கள் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தால் டிரைவரிடம் இருந்தது ஓர் எண் மட்டும்.

"34-னா என்னக்கா?"

அந்த எண் என்ன செய்யும் என்பதை ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் பார்த்தோம். எங்கள் அட்டை அங்கே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருக்கிறது. பெட்டிகளை அடுக்கும் இரண்டு இயந்திரக் கைகளுக்கு அதுதான் நேரம் சொல்கிறது. அவர்கள் வேறொரு கருவியைப் புதிதாக மாற்றினார்கள். அதற்குப் பிறகு நேரம் ஒன்றுசேரவில்லை. எங்கள் நிறுவனத்திலிருந்து ஒரு தொழில்நுட்பரை அனுப்பினோம். இருபதுகளில் இருக்கும் தம்பி, கெட்டிக்காரர். இரவு ஒரு மணிக்கு அழைத்தார்.

"அக்கா, 34-னு வருது. 34-னா என்னக்கா?"

"எண் வரம்புக்கு வெளியே இருக்குன்னு அர்த்தம், தம்பி."

"எந்த எண்ணு? எந்த வரம்பு?"

"அதை அது சொல்லாது."

"சரிக்கா. ஆனா முத்திரை ஓடுதான்னு கேட்டுப் பார்த்தா, ஓடுதுன்னு சொல்லுதே!"

ஒரு பக்கம் முடியாது என்கிறது. இன்னொரு பக்கம் ஓடுகிறது என்கிறது. அந்தப் பிள்ளை கம்பியை மாற்றினார், அட்டையை மாற்றினார், இயங்குதளத்தையே மறுபடி ஏற்றினார். ஒரு நாள் வேலை என்று கிளம்பியவர் மூன்றாம் நாள்தான் பட்டர்வொர்த் திரும்பினார். இயந்திரக் கைகள் அதுவரை சும்மா நின்றன.

காரணம் டிரைவர் நிரலைப் படித்தபோதுதான் புரிந்தது. பிடிபி செய்தி இரண்டு விதமாகப் பயணிக்கலாம்: ஐபி முகவரியோடு யுடிபி பாக்கெட்டாக, அல்லது நேரடி ஈதர்நெட் பாக்கெட்டாக. எங்கள் பழைய அட்டை முதல் வகைக்கு மட்டுமே முத்திரை குத்தும். புதிய கருவியோ இரண்டாவது வகையில் பேசியது. பெட்டியின் அமைப்பையும் அதற்கேற்ப மாற்றியிருந்தார்கள். கோரிக்கை வந்ததும் டிரைவர் சரியாகவே மறுத்து 34-ஐத் திருப்பியது. ஆனால் மறுப்பதற்கு முன்பே, கேட்ட அமைப்பைத் தன் குறிப்பேட்டில் "ஓடுகிறது" என்று எழுதி வைத்துவிட்டது. நிறுவனத்தை விட்டுப் போய்விட்ட ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய வரிகள் அவை. வரிசை மாறிய இரண்டு வரிகள்.

இரு பக்கமும் யுடிபிக்கு மாற்றினோம். பத்து நிமிடத்தில் நேரம் ஒன்றுசேர்ந்தது.

கதவு அதே, உள்ளே வேறு

2023 அக்டோபரில் வந்த லினக்ஸ் 6.6-இல் இதற்குப் புதிய ஏற்பாடு வந்தது. இனி கவரைப் பிரிப்பது கெர்னலின் பொதுப் பகுதி. நகலெடுப்பதும் பொதுவான சரிபார்ப்பும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி நடக்கும். டிரைவருக்கு இரண்டு செயற்கூறுகள்தான்: ஒன்று "என்ன அமைப்பு?" என்று கேட்டால் சொல்வது, மற்றது "இப்படி அமை" என்றால் அமைப்பது. தனக்கே உரிய வேலையை மட்டும் டிரைவர் பார்த்தால் போதும்.

இன்னொரு வசதியும் உண்டு. முடியாது என்று சொல்லும்போது எண்ணோடு சேர்த்து, ஏன் முடியாது என்று ஒரு வாக்கியமும் டிரைவர் எழுதி வைக்கலாம். 2025 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.14-இல், நெட்லிங்க் என்ற புதிய வழியில் இந்த அமைப்பைக் கேட்கவும் மாற்றவும் முடிகிறது. அந்த வழியில் கேட்பவருக்கு வாக்கியமே போய்ச் சேரும்.

சில சாதனங்களில் முத்திரை குத்தக்கூடிய சில்லுகள் இரண்டு இருக்கும். பாக்கெட்டைக் கையாளும் சில்லு ஒன்று, கம்பியை ஒட்டி இருக்கும் சில்லு மற்றொன்று. கம்பிக்கு அருகே குத்தினால் பொதுவாகத் துல்லியம் கூடும். பழைய முறையில் எது குத்துவது என்பதை ஒவ்வொரு டிரைவரும் தனித்தனியாக முடிவு செய்தது. இப்போது பயன்படுத்துபவரே தேர்ந்தெடுக்க வழி வந்திருக்கிறது. அந்த வழி புதிய இடைமுகத்துக்கு மாறிய டிரைவர்களுக்குத்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. வெளியே இருக்கும் நிரல்கள் எதுவும் மாற வேண்டியதில்லை. 2009 பாணியில் கோரிக்கை அனுப்பும் நிரல் இன்றும் அப்படியே அனுப்பலாம். கெர்னல் அதை வாங்கி உள்ளே புதிய வழியில் திருப்பிவிடும். பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கறாராகப் பிடித்து வரும் விதி. அதே நேரம், கெர்னலுக்கு உள்ளே இருக்கும் இடைமுகங்கள் மாறாமலே இருக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. வாசல் கதவு அப்படியே இருக்க, உள்ளே சமையலறையை இடித்துக் கட்டுவது போல.

டிரைவர்கள் ஏராளம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. அதனால் புதிய வழி இல்லாத டிரைவருக்குப் பழைய வழியிலேயே அனுப்பும் ஏற்பாட்டையும் சேர்த்தே வைத்தார்கள். இரண்டும் பக்கம் பக்கமாக ஓடின. கடைசி டிரைவரும் மாறிய பிறகு பழையதை எடுத்துவிடலாம் என்பது திட்டம்.

"ஓடுவதை ஏன் தொட வேண்டும்?"

எங்கள் டிரைவரை மாற்றலாம் என்று நான் சொன்னபோது மேலாளர் கேட்ட முதல் கேள்வி இது. கேலியாகக் கேட்கவில்லை. எங்கள் அட்டை போன தொழிற்சாலைகளில் ஒரு மாற்றம் என்றால் ஆயிரம் சோதனை, கையெழுத்து. மாற்றியதால் நேரம் துல்லியமாகுமா என்றார். ஆகாது, ஒரு நானோ நொடிகூடக் கூடாது என்றேன். வேகமாகுமா? இல்லை. வாடிக்கையாளர் கண்ணுக்கு ஏதாவது தெரியுமா? சரியாகச் செய்தால் எதுவும் தெரியாது.

இப்படிப்பட்ட வேலைக்குப் பணம் கேட்பது சிரமம்தான். புதிய அட்டை விற்றால் விளம்பரம் போடலாம். பழைய அட்டையின் உள்ளே வரிகளை இடம் மாற்றியதை எந்த விளம்பரத்தில் போடுவது?

நான் ஜொகூர் கணக்கைக் காட்டினேன். ஒருவர் மூன்று நாள், நான் இரண்டு இரவு, நின்றுபோன இயந்திரக் கைகள், வாடிக்கையாளரிடம் கேட்ட மன்னிப்பு. "அட்டை அன்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இது அரை மணி நேர வேலை" என்றேன். மூன்று வாரம் தந்தார்.

நீக்கிய வரிகள்

எழுதும் வேலை இரண்டு நாளில் முடிந்தது. சேர்த்த வரிகளைவிட நீக்கிய வரிகள் அதிகம். நகலெடுக்கும் பகுதிகள் போயின, கவர் பிரிக்கும் பகுதிகள் போயின. மீதி நாட்கள் எல்லாம் சோதனைக்கு. இரண்டு அட்டைகளிலிருந்தும் நொடிக்கு ஒரு முறை வரும் மின்துடிப்பை அலைக்காட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மாற்றத்துக்கு முன் இரண்டு நாள், பின் இரண்டு நாள் ஓட்டினேன். இரண்டு படங்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான்.

வெளியிலிருந்து ஆராய்ந்த ஒருவர் ஒரு விஷயம் சொன்னார்: குறிப்பேட்டில் முன்கூட்டியே எழுதும் அந்தப் பிழைத் திருத்தத்தை இந்த மாற்றத்தோடு கலக்க வேண்டாம், தனியாக முதலில் அனுப்புங்கள். அது கெர்னல் உலகத்து வழக்கம். ஒரு திருத்தத்துக்கு ஒரு காரணம். தனியாக இருந்தால் பழைய பதிப்பை ஓட்டுபவர்களுக்கும் அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். அப்படியே செய்தேன். பிறகு இன்னொரு கேள்வி: அட்டை அணைந்திருக்கும்போது கேட்டால் பழைய நிரல் மறுத்ததே, புதியது என்ன செய்யும்? நல்ல கேள்வி. பழைய பாதையின் தலைவாசலிலேயே அந்தச் சோதனை இருந்தது. பாதை மாறினால் சோதனையும் விட்டுப்போகும். அதைக் கையோடு எடுத்து வந்து புதிய செயற்கூற்றில் வைத்தேன். இடைமுகம் மாற்றுவதில் ஆபத்து பெரும்பாலும் இங்கேதான்: எழுதிய வரிகளில் இல்லை, வழியில் விட்டுவிட்டு வந்தவற்றில்.

கடைசியாக ஒரு வாக்கியம் எழுதினேன். நேரடி ஈதர்நெட் பாக்கெட்டுக்கு முத்திரை கேட்டால், இந்த அட்டை யுடிபி பாக்கெட்டுகளுக்கு மட்டுமே முத்திரை குத்தும் என்று அது சொல்லும். மூன்று வாரத்தில் நான் எழுதியதில், ஒரு மனிதர் நேரடியாகப் படிக்கப்போவது இந்த ஒரு வரிதான்.

இளையர்களுக்கு ஒரு வார்த்தை

மென்பொருள் படிக்கும் தம்பி தங்கைகள், "கெர்னல் என்றால் மேதைகளின் இடம், நமக்கு எங்கே?" என்று கேட்பதுண்டு. கெர்னலின் நிரல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. பதிவிறக்கிப் படிக்கக் காசு வேண்டாம். இந்த டைம்ஸ்டாம்ப் மாற்றத்தைப் போல, முன்னே மாற்றிய டிரைவர்களைப் பார்த்து அடுத்ததை மாற்றும் வேலைகள் அங்கே வந்துகொண்டே இருக்கின்றன. ஏற்கெனவே மாறிய இரண்டு டிரைவர்களை எடுத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எது போனது, எது வந்தது, எது இடம் மாறியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு வார இறுதி போதும். வகுப்பில் கிடைக்காத பாடம் அது.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். கையில் அந்த அட்டை இல்லாமல் அனுப்பும் மாற்றம் என்றால் அதை வெளிப்படையாக எழுதுங்கள். கட்டமைத்துப் பார்த்தேன், ஓட்டிப் பார்க்கவில்லை என்று சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அட்டை வைத்திருக்கும் யாராவது ஓட்டிப் பார்த்துச் சொல்வார்கள்.

அண்மையில் கிள்ளானில் ஒரு வாடிக்கையாளரிடம் அதே சிக்கல் வந்தது. போனவர் அதே தம்பிதான். இந்த முறை பகல் பதினோரு மணிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்: "அக்கா, யுடிபி மட்டும்தான்னு அட்டையே சொல்லிடுச்சு. மாத்திட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்புறேன்."